ஃபஸ் பெடல்

ஃபஸ் பெடல் என்பது மின்கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே இணைத்து, காலால் மிதித்து இயக்கும் சிறு மின்னணுக் கருவி. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்குறிகையை அளவுக்கு மீறிப் பெருக்கி, அலையின் முகட்டையும் பள்ளத்தையும் வெட்டித் தட்டையாக்குவது இதன் வேலை. அலை ஏறக்குறையச் சதுர வடிவம் பெறும்போது, மூலச் சுரத்தோடு அதன் மடங்கு அதிர்வெண்கள் பலவும் சேர்ந்துகொள்கின்றன. கரகரப்பும் நீண்ட கார்வையும் கொண்ட ஒலி அப்படித்தான் பிறக்கிறது. மின்னணுவியலில் புதிதாகக் கைவைப்பவர் முதலில் கட்டத்தக்க பெடல் இதுவே.

தோற்றம்

இந்த ஒலி ஒரு பழுதிலிருந்து வந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், குவான்செட் ஹட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில், 1960இல் மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொரி' பாடல் பதிவாயிற்று. கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கிட்டார் பதிவு மேசையின் பழுதான ஒரு தடத்தின் வழியே சென்றதால், வண்டு உறுமுவதுபோல ஒலித்தது. பொறியாளர் கிளென் ஸ்னாடி அதை அழிக்காமல் விட்டுவைத்தார். 1961இல் வெளியான பாடல் பெருவெற்றி பெற்றது. மற்ற இசைக்கலைஞர்களும் அதே ஒலியைக் கேட்டு வரத் தொடங்கினர். பழுதான பகுதி அதற்குள் முற்றிலும் செயலிழந்துவிட்டதால், ஸ்னாடி, பொறியாளர் ரெவிஸ் ஹாப்ஸுடன் சேர்ந்து டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அவ்வொலியைத் திரும்ப உண்டாக்கும் சுற்றை வடிவமைத்தார். கிப்சன் நிறுவனம் 1962இல் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் எஃப்இசட்-1' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பழுதடைந்த ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பு 1951ஆம் ஆண்டின் 'ராக்கெட் 88' பதிவிலேயே உண்டு. கரகரப்புக்காகக் கிட்டார் கலைஞர்கள் லிங்க் ரே ஸ்பீக்கரில் துளையிட்டதும், டேவ் டேவிஸ் பிளேடால் அதைக் கிழித்ததும் பலரும் அறிந்தவை. ஆனால் அவை ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் சேர்ந்த செய்திகள். பெடலின் பிறப்பிடம் நாஷ்வில்தான்.

மேஸ்ட்ரோவில் மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன, இரண்டு 1.5 வோல்ட் பேட்டரிகளில் அது இயங்கியது. கிட்டாரை சாக்சபோனாகவும் செல்லோவாகவும் மாற்றும் கருவி என்றே விளம்பரம் செய்தார்கள். அதனால்தானோ என்னவோ, தொடக்கத்தில் கடைகளிலேயே தேங்கிக் கிடந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ், பின்னால் ஊதுகருவிகள் வாசிக்க வேண்டிய பகுதிக்கு மாதிரியாக இதை வாசித்து வைத்தார். அந்த மாதிரியே பாடலில் நிலைத்துவிட்டது. பெடலும் விற்றுத் தீர்ந்தது. அதே ஆண்டில் லண்டனில் கேரி ஹர்ஸ்ட்டின் டோன் பெண்டரும், அடுத்த ஆண்டில் ஆர்பிட்டர் நிறுவனத்தின் ஃபஸ் ஃபேஸும் வந்தன. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து வட்டமாக வார்க்கப்பட்ட ஃபஸ் ஃபேஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் புகழ்பெற்றது.

சுற்று

ஃபஸ் ஃபேஸ் சுற்றில் இருப்பவை மொத்தம் 11 பாகங்களே: டிரான்சிஸ்டர் இரண்டு, மின்தடை நான்கு, மின்தேக்கி மூன்று, திருகு குமிழ் இரண்டு. முதல் மாதிரிகளில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. பின்னர் பிசி108 போன்ற சிலிக்கான் வகைகள் வந்தன. ஜெர்மானியத்தின் ஒலி கனிவானது. கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தாலே தெளிந்துவிடும். ஆனால் அதற்கு மின்கசிவு உண்டு, வெப்பம் ஏறினால் ஒலியும் மாறும். மேலும் பழைய பிஎன்பி வகைச் சுற்றில் பேட்டரியின் நேர்முனையே தரையிணைப்பு. அதனால் மற்ற பெடல்களுடன் ஒரே அடாப்டரில் இதை இணைக்கக் கூடாது. தொடக்கநிலையாளருக்கு என்பிஎன் சிலிக்கானே ஏற்றது.

கட்டுதல்

பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் பிரெட்போர்டில் சுற்றை முதலில் அமைத்து, கிட்டாரை இணைத்துக் கேட்பது நல்லது. டிரான்சிஸ்டரின் கால் வரிசை வகைக்கு வகை மாறும். தட்டையான முகம் நம்மைப் பார்த்திருக்கையில் பிசி547இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904இல் இதற்கு நேர் தலைகீழ். 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும்போது இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் மல்டிமீட்டர் ஏறத்தாழ 4.5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அங்குள்ள 8.2 கிலோ ஓம் மின்தடைக்குப் பதிலாக ஒரு பிரீசெட் (மாற்றத்தக்க மின்தடை) வைத்துத் திருகிச் சரிசெய்யலாம்.

ஒலி பிடித்த பிறகே பற்றவைக்க வேண்டும். பற்றுக்கோலால் பாகத்தின் காலையும் செப்புத்தடத்தையும் சேர்த்துச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக உருகிப் படரவிட வேண்டும்; கோலின் நுனியில் உருக்கி அப்பினால் இணைப்பு நிற்காது. பிழைகள் பெரும்பாலும் சுற்றுப்பலகையில் நேர்வதில்லை. ஒன்பது முனை மிதி சுவிட்சுக்கும் ஜாக்குகளுக்கும் செல்லும் கம்பிகளில்தான் நேர்கின்றன. உள்வரும் ஜாக் ஸ்டீரியோ வகையாக இருப்பது வழக்கம். மோனோ பிளக் செருகும்போது அதன் உடல் இரு முனைகளையும் இணைத்துப் பேட்டரிக்கு உயிர் தருகிறது. எனவே வாசித்து முடித்ததும் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். உலோகப் பெட்டியைத் தரையிணைப்போடு சேர்த்தால் இரைச்சல் குறையும்.

கட்டி முடித்த பெடலில் முதலில் ஒற்றைச் சுரங்களை வாசித்துப் பார்க்க வேண்டும். பல சுரங்களைச் சேர்த்து மீட்டினால் அவற்றின் அதிர்வெண்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும்; அது சுற்றின் பிழையன்று.

இன்று பல நிறுவனங்கள் ஆயத்தப் பாகத் தொகுப்புகளை விற்கின்றன. ஃபஸ் ஃபேஸ் சுற்றின் 11 பாகங்களே அவற்றில் பலவற்றுக்கு இன்னும் அடிப்படை.