ஒழுக்கமான ஏழைக்கு மட்டும்

ஒக்லாந்தில் எங்கட ஆக்கள் நாலு பேர் கூடினால் கட்டாயம் வருகிற கதை ஒன்று இருக்கிறது. "நாங்கள் மாடாய் உழைச்சு வரி கட்டுறம். அவங்கள் கஞ்சா அடிச்சுப்போட்டு வின்ஸ் காசில படுத்திருக்கிறாங்கள். காசு குடுக்க முதல் மூத்திரத்தைச் சோதிக்க வேணும்." இப்படிச் சொல்கிறவர்களில் பலர், வந்த புதிதில் அதே வின்ஸ் அலுவலகத்தில் நம்பர் எடுத்துக் காத்திருந்தவர்கள்தான். அதை இப்போது யாரும் கதைப்பதில்லை.

இந்த யோசனை புதிதல்ல. நியூசிலாந்தின் முதல் முதியோர் பென்சன் சட்டம் 1898இல் வந்தது. 65 வயது தாண்டி, 25 வருடம் இங்கே வாழ்ந்த ஏழைகளுக்கு வருடத்துக்கு 18 பவுண் வரை கொடுத்தார்கள். ஆனால் வறுமை மட்டும் போதாது. நல்லொழுக்கம் உள்ளவராய் இருக்க வேண்டும்; கடந்த 5 வருடமாகக் குடிவெறி இல்லாமல் மரியாதையாக வாழ்ந்திருக்க வேண்டும். கிழவனும் கிழவியும் திறந்த நீதிமன்றத்தில் நீதவான் முன்னால் நின்று, ஊரார் பார்த்திருக்க, இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். சிறுநீர்ப் போத்தல் அப்போது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் றிச்சட் செடன் ஒரு காலத்தில் குமாறா என்ற தங்கச் சுரங்க ஊரில் ஹொட்டலும் மதுச்சாலையும் நடத்தியவர்!

அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. சீனருக்கும் மற்ற ஆசியருக்கும் பென்சன் இல்லை. பிரஜாவுரிமை எடுத்திருந்தாலும் இல்லை. குடிக்காத ஆசியனும் தகுதி இல்லாதவன்தான். அந்த விதியை நீக்க 1936 வரை பொறுக்க வேண்டியிருந்தது. "தகுதியான ஏழை" யார் என்று சட்டம் தரம் பிரிக்கத் தொடங்கியபோது, முதலில் கழித்து விடப்பட்டவர்களில் எங்களைப் போன்றவர்களும் அடக்கம்.

1938இல் மைக்கல் ஜோசப் சவேஜின் தொழிற்கட்சி அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உதவி என்பது பிச்சை அல்ல, குடிமகனின் உரிமை என்ற எண்ணம் அதோடு வேரூன்றியது. ஒக்லாந்தில் ஒறாக்கெய் பக்கம் கடலைப் பார்த்தபடி இருக்கிற நினைவிடம் அந்த மனிதருடையதுதான்.

இந்த வித்தியாசம் எங்களுக்கு விளங்கும். கூப்பன் அரிசி பெரும்பாலும் எல்லாருக்கும் கிடைத்த காலத்தில் கூப்பன் கடையில் நிற்பது யாருக்கும் வெட்கமில்லை. ஜே.ஆர். அரசு அதை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கி, 1979இல் உணவு முத்திரை கொடுத்தது. அதன் பிறகு, தான் ஏழை என்று ஒருவன் நிரூபிக்க வேண்டி வந்தது.

நியூசிலாந்தில் 1991இல் உதவிப்பணம் வெட்டப்பட்டது. 2013 ஜூலையில், போலா பெனற் அமைச்சராக இருந்தபோது, போதைச் சோதனை விதி வந்தது. வேலைக்கு எடுப்பவர் சோதனை கேட்டு, நீங்கள் மறுத்தால் அல்லது தோற்றால் கொடுப்பனவு குறைக்கப்படும், நிறுத்தப்படவும் கூடும். தொடக்க காலத்துக் கணக்கு என்ன சொன்னது? சோதனைக்கு அனுப்பப்பட்ட 8,001 பேரில் தோற்றவர்களும் மறுத்தவர்களும் சேர்த்து 22 பேர். ஆயிரத்துக்கு மூன்று பேர்கூட இல்லை!

அமெரிக்காவின் புளோரிடாவில் இன்னும் கடுமை. 2011இல் வேலை, சந்தேகம் எதுவும் இல்லாமலே, உதவி கேட்ட எல்லாரையும் சோதித்தார்கள். 4,086 பேரில் 108 பேர் தோற்றார்கள். தேறியவர்களின் சோதனைச் செலவை அரசே திருப்பிக் கொடுத்தது. காரணமில்லாமல் ஒருவரைச் சோதிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

போர்க்லிஃப்ட் ஓட்டுபவனையும் மரம் வெட்டுபவனையும் சோதிப்பதில் நியாயம் உண்டு. பக்கத்தில் நிற்பவனின் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் சிறுநீர்ச் சோதனை ஒருவன் இப்போது வெறியில் நிற்கிறானா என்று காட்டாது. கஞ்சாவின் தடயம் பல நாள், சிலருக்குப் பல வாரம், உடம்பில் கிடக்கும். குடித்த விஸ்கி அடுத்த நாளே கழிந்துபோகும்.

2017இல் பிரதமர் பில் இங்கிலிஷ் சொன்னதை எங்கட ஆக்கள் மறக்கக் கூடாது. உள்ளூர்க்காரர் பலர் போதைச் சோதனையில் தேறுவதில்லை, வெளிநாட்டுத் தொழிலாளர் தேவைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். எங்களைக் காட்டி அவர்களுக்கு அடி. வேறொரு நாள் அவர்களைக் காட்டி, "வேலையைப் பறிக்க வந்தவர்கள்" என்று எங்களுக்கு அடி.

சந்தேகம் வீடுவரை வந்தது. சுவரில் மெத் போதைப்பொருளின் தடயம் இருக்கிறது என்று சொல்லி, அரச வீடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றினார்கள். 2018இல் பேராசிரியர் பீற்றர் குளுக்மனின் அறிக்கை, அப்படியான தடயத்தால் குடியிருப்பவருக்குத் தீங்கு என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. வீட்டுவசதி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சாமானை வீதியில் வைத்த குடும்பங்களுக்கு அது பிந்தி வந்த மன்னிப்பு.

இந்த நாட்டு உதவிச் செலவில் மிகப் பெரிய பங்கு 65 தாண்டியவர்களின் பென்சனுக்குப் போகிறது. அதற்குக் கோடீஸ்வரனும் விண்ணப்பிக்கலாம். அவனை யாரும் போத்தலோடு கழிப்பறைக்கு அனுப்புவதில்லை. நாளைக்கு நாங்களும் அந்தக் காசை வாங்கப் போகிறோம். அப்போது எங்களிடம் கேட்கக் கூடாது என்று நினைக்கிற கேள்வியை, இன்றைக்கு வேலையில்லாமல் நிற்கிற மாவோரிப் பொடியனிடமும் கேட்கச் சொல்லாதீர்கள்.