மயிலாப்பூர் வழக்கறிஞரும் நியமன நாற்காலியும்: எஸ். சுப்பிரமணிய ஐயர்

சென்னை மாகாண அரசியலை ஆராய்வோர் 'மயிலாப்பூர்க் குழு', 'எழும்பூர்க் குழு' என்னும் பகுப்பைக் கையாள்வது வழக்கம். முன்னதை அரசுக்கு நெருக்கமான வழக்கறிஞர்களின் அணியாகக் கருதி, அதன் முதன்மையானவர்களாக வி. பாஷ்யம் ஐயங்காரையும் எஸ். சுப்பிரமணிய ஐயரையும் குறிப்பிடுவர். மணி ஐயர் என அறியப்பட்ட பின்னவரை இப்பகுப்புக்குள் அடக்குவது எளிதன்று.

1842இல் மதுரையில் பிறந்த அவர், அரசு அலுவலகத்தில் எழுத்தராகத் தொடங்கி, 1868இல் சட்டப் பட்டம் பெற்று மதுரையில் வழக்கறிஞரானார். 1884இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார்; பின்னர் மயிலாப்பூரில் குடியமர்ந்தார்.

அந்த நியமனத்தின் மதிப்பு யாது? 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆளுநர் விரும்பியவரைக் கூடுதல் உறுப்பினராக நியமிக்கலாம். உறுப்பினர்கள் தம்முன் வைக்கப்பட்ட மசோதாவைப் பற்றி மட்டுமே பேசலாம். வரவுசெலவுத் திட்டத்தை விவாதிக்கவோ நிர்வாகத்தை வினவவோ அவர்களுக்கு உரிமையில்லை. வழக்குமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து பழகிய ஒருவர், சட்டசபையில் ஒரு கேள்வியும் கேட்க இயலாமல் அமர்ந்திருந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில், சட்டசபைச் சீர்திருத்தம் குறித்த மூன்றாம் தீர்மானத்தைக் கே.டி. தெலாங் முன்மொழிய, சுப்பிரமணிய ஐயர் வழிமொழிந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், வரவுசெலவு விவாதம், வினா எழுப்பும் உரிமை ஆகியவற்றை அது கோரியது. அரசு நியமித்த ஒருவரே நியமன முறையின் போதாமைக்குச் சான்றாக நின்றார். 1892ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுள் சிலவற்றை வரம்புக்குட்பட்டு வழங்கியது.

எனினும் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. 1888இல் அரசு வழக்கறிஞர், 1895இல் உயர்நீதிமன்ற நீதிபதி, 1900இல் 'சர்' பட்டம் என அவர் பெற்ற பதவிகளும் சிறப்புகளும் 'நெருக்கம்' என்னும் கணிப்புக்கு இடமளிக்கின்றன. 1907இல் ஓய்வு பெற்றபின், அடையாறு பிரம்மஞான சபையோடு தொடர்புடைய அவர், அன்னி பெசன்ட் 1916இல் தொடங்கிய சுயாட்சி இயக்கத்தின் கௌரவத் தலைவரானார். 1917 ஜூனில் பெசன்ட் காவலில் வைக்கப்பட்டதும், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அதற்குப் பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவின் கண்டனம் எழ, 1918இல் பட்டங்களைத் துறந்தார்.

இச்செயலை முதுமையில் நேர்ந்த திடீர் மாற்றமாகக் கொள்வோர், பம்பாய்த் தீர்மானத்தைக் கணக்கில் கொள்வதில்லை. இடைப்பட்ட முப்பதாண்டுகளில் பெரும்பகுதியை அவர் அரசுப் பதவிகளில் கழித்தார் என்பதால், இரண்டையும் ஒரே நேர்க்கோட்டில் இணைப்பதும் பொருந்தாது.