முகமது பின் துக்ளக் (நாடகம்)

முகமது பின் துக்ளக் என்பது சோ ராமசாமி (1934–2016) எழுதி, முதன்மை வேடத்தில் நடித்த தமிழ் அரசியல் அங்கத நாடகம் ஆகும். இது 1968 ஆம் ஆண்டில் அவரது விவேகா பைன் ஆர்ட்ஸ் குழுவினரால் மேடையேற்றப்பட்டது. பதவியில் இருப்போரின் சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள முரண்பாட்டை எள்ளி நகையாடும் இந்நாடகம், அதனை அம்பலப்படுத்த வந்தவரே பதவிக்கு அடிமையாவதைக் காட்டி முடிகிறது.

பெயர்க் காரணம்

முகமது பின் துக்ளக் 1325 முதல் 1351 வரை தில்லியை ஆண்ட சுல்தான் ஆவார். 1327 இல் தலைநகரைத் தௌலதாபாத்திற்கு மாற்றியதும், செம்பு நாணயங்களுக்கு வெள்ளி நாணயத்தின் மதிப்பை அளித்ததும் இவரது தோல்வியுற்ற திட்டங்களாகும். மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா இவரது அரசில் நீதிபதியாகப் பணியாற்றினார்.

கதைச் சுருக்கம்

கல்லறையிலிருந்து துக்ளக்கும் பதூதாவும் உயிருடன் வெளிவந்துள்ளதாக அறிவிக்கப்படுகிறது. மக்களும் அரசியல்வாதிகளும் இதனை நம்புகின்றனர். தேர்தலில் வென்று துக்ளக் இந்தியாவின் பிரதமர் ஆகிறார். தம்மை ஆதரித்துக் கட்சி மாறி வருவோருக்குத் துணைப் பிரதமர் பதவி வழங்குகிறார், பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறார், கையூட்டைச் சட்டபூர்வமாக்குகிறார்.

உண்மையில் இவ்விருவரும் ஒரு காந்தியவாதியின் மாணவர்கள். போலி அரசியலை மக்களுக்கு உணர்த்திவிட்டு, குறித்த காலத்தில் உண்மையைக் கூறிவிடுவதே இவர்களது திட்டம். காலம் வந்ததும் துக்ளக் பதவி விலக மறுக்கிறார். உண்மையைக் கூற முயலும் பதூதாவுக்கு எதிராக அவர் மக்களைத் தூண்டிவிட, பதூதா கொல்லப்படுகிறார்.

அரசியல் பின்னணி

1965 இல் தமிழகத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடைபெற்றது. 1967 தேர்தலுக்குப் பின் பல மாநிலங்களில் கட்சித் தாவல் பெருகியது. அரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரு வாரங்களில் மும்முறை அணி மாறினார். எனவே நாடகத்தின் மிகைப்படுத்தல்கள் பார்வையாளர்களுக்கு அறிமுகமான நிகழ்வுகளை ஒட்டியே அமைந்திருந்தன.

திரைப்படம்

சோவின் இயக்கத்தில் இந்நாடகம் 1971 இல் அதே பெயரில் திரைப்படமாக வெளிவந்தது. மனோரமா உள்ளிட்டோர் நடித்தனர். ம. சு. விசுவநாதன் இசையமைத்தார். முன்னதாக 1970 சனவரியில் சோ தொடங்கிய இதழும் துக்ளக் எனப் பெயர் பெற்றது.

சீன அங்கதத்துடன் ஒப்பீடு

சீன எழுத்தாளர் வூ சிங்சி (1701–1754) எழுதிய "அறிஞர்கள்" என்னும் புதினமும் இவ்வகையைச் சார்ந்தது. சிங் மரபினர் ஆட்சியில் எழுதப்பட்ட இது, கதையை முந்தைய மிங் மரபினர் காலத்தில் நிகழ்த்துகிறது. சமகாலத்தைச் சாடக் கடந்த காலத்தைத் துணைக்கொள்வது இரு படைப்புகளுக்கும் பொதுவான உத்தியாகும்.

அப்புதினத்தில் அரசுத் தேர்வில் வென்ற ஃபான் சின், தாயின் இறப்புக்குத் துக்கம் காப்பவர் என்பதால் விருந்தில் வெள்ளிப்பூண் இட்ட உணவுக் குச்சிகளைத் தொட மறுக்கிறார். மூங்கில் குச்சிகள் தரப்பட்டதும் பெரிய இறால் உருண்டையை எடுத்து உண்கிறார். நோயுற்ற தந்தையைப் பேணிய குவாங் சாவ்ரென் என்னும் ஏழை இளைஞன், கல்வித் தகுதியும் செல்வாக்கும் பெற்றபின் மோசடிக்காரனாகிறான். சோவின் துக்ளக்கிற்கு மிக நெருங்கிய பாத்திரம் இவனே. இருவரும் தீயவர்களாகத் தொடங்கவில்லை; கிடைத்த தகுதியே அவர்களை மாற்றுகிறது.