சொல்லும் நடைமுறையும்: மேற்கு நியூகினி (1969), கிழக்குத் தீமோர் (1999) வாக்கெடுப்புகள்

முன்னுரை

ஒரு நிலப்பகுதி எந்த நாட்டைச் சேர வேண்டும் என்பதை அங்கு வாழும் மக்களிடமே கேட்டறிதல் முதல் உலகப் போருக்குப் பின்னர் ஏற்புடைய நெறியாக வளர்ந்தது. ஆனால், வாக்கெடுப்பு நடைபெறும் வேளையில் அந்நிலம் வழக்காடும் தரப்பினருள் ஒருவரது படையின் பிடியில் இருக்குமாயின், கிடைக்கும் விடையை மக்களின் விடையாகக் கொள்ளலாமா? இவ்வினாவைச் சட்ட அறிஞரும் வரலாற்று ஆசிரியரும் பலவாறு ஆராய்ந்துள்ளனர். இக்கட்டுரை அதனை மொழியின் பக்கமிருந்து அணுகுகிறது. இந்தோனேசியப் படையின் கட்டுப்பாட்டில் இருந்த இரு நிலப்பகுதிகளில், முப்பதாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்வுகள் இங்கு ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன.

ஒப்பந்தத்தின் சொற்கள்

இந்தோனேசியாவின் விடுதலையை நெதர்லாந்து 1949இல் ஏற்றபோது, நியூகினித் தீவின் மேற்குப் பாதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. நெடிய பூசலுக்குப் பின், 1962 ஆகஸ்டு 15ஆம் நாள் நியூயார்க்கில் இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி 1962 அக்டோபர் முதல் ஐக்கிய நாடுகள் அவையின் இடைக்கால நிர்வாகம் நடைபெற்றது. 1963 மே 1 அன்று ஆட்சிப் பொறுப்பு இந்தோனேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தோனேசியாவுடன் நீடிப்பதா, உறவை அறுத்துக்கொள்வதா என்பதை 1969ஆம் ஆண்டு முடிவதற்குள் மக்கள் தெரிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒப்பந்தத்தின் 18ஆம் பிரிவு மொழிபெயர்ப்பாளர் கூர்ந்து நோக்கத்தக்கது. அதன் கூறுகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. மக்களின் கருத்தை அறிதற்குரிய வழிமுறைகள் குறித்துப் பிரதிநிதித்துவ மன்றங்களுடன் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது ஒன்று. இவ்விடத்தில் ஆங்கிலச் சொல்லையடுத்து 'முஷாவரா' என்னும் இந்தோனேசியச் சொல் பிறைக்குறிகளுக்குள் தரப்பட்டுள்ளது. வயது வந்த ஆண், பெண் அனைவரும் பன்னாட்டு வழக்கத்திற்கு இணங்கப் பங்குபெறும் தகுதியுடையோர் என்பது மற்றொன்று.

'முஷாவரா' அரபு வேர்ச்சொல்லினின்று பிறந்தது. தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் வழங்கும் 'மஷூரா' என்பதும் அவ்வேரினதே. கூடிப் பேசி முடிவு காணுதல் என்பது பொருள். இந்தோனேசிய அரசியலில் அது ஒருமித்த முடிவை எட்டும் மரபைக் குறிக்கும் கலைச்சொல்லாகவும் வளர்ந்திருந்தது. ஒப்பந்தத்தில் இச்சொல் வழிமுறையைப் பற்றிய ஆலோசனைக்கே உரியது. மக்களின் முடிவை அறியும் முறைக்கு உரியதன்று. 1969இல் இவ்வேறுபாடு அழிக்கப்பட்டது. தனியொருவருக்கு ஒரு வாக்கு என்பதற்கு மாற்றாக முஷாவராவே தேர்வின் முறையாயிற்று.

1969: பிரதிநிதிகளின் ஒருமித்த குரல்

ஏறத்தாழ 8 இலட்சம் மக்களின் சார்பில் 1,026 பிரதிநிதிகள் அமர்த்தப்பட்டனர். ஜூலை 14 முதல் ஆகஸ்டு 2 வரை எட்டு மன்றங்கள் கூடின. 1,022 பேர் பங்கேற்றனர். எட்டு மன்றங்களும் இந்தோனேசியாவுடன் நீடிக்கவே ஒருமனதாக முடிவுரைத்தன. மறைவான வாக்குச் சீட்டு இல்லை. அதிகாரிகளின் முன்னிலையில், பிறர் காணவே கருத்துரைக்க வேண்டியிருந்தது. நிலப்பகுதி முழுவதும் படையின் பிடியில் இருந்தது. இப்பிரதிநிதிகள் பெரும் அழுத்தத்திற்கு ஆட்பட்ட, தெரிந்தெடுக்கப்பட்ட சிறு குழுவினர் என்பதை டச்சு வரலாற்று ஆசிரியர் டுரூக்லீவர் 2005இல் வெளியிட்ட விரிவான ஆய்வு நிறுவியுள்ளது.

கல்வியின்மையும் கடினமான நில அமைப்பும் நேரடி வாக்கெடுப்புக்குத் தடை என்று அரசு வாதிட்டது. ஆனால், அதே தீவின் கிழக்குப் பாதியில் ஆஸ்திரேலிய நிர்வாகம் 1964இலும் 1968இலும் வயது வந்தோர் அனைவருக்குமான தேர்தலை நடத்தியிருந்தது. நிலமும் மக்களின் கல்வி நிலையும் பெரிதும் வேறல்ல.

ஐ.நா. பிரதிநிதி ஒர்த்தீசு சான்சு தம் அறிக்கையில், சில வரம்புகளுக்கு உட்பட்டு, இந்தோனேசிய வழக்கத்திற்கு இணங்கத் தேர்வு நடந்ததாகக் குறித்தார். ஒப்பந்தத்திலோ 'பன்னாட்டு வழக்கம்' என்றிருந்தது. ஓர் அடைமொழி மாறியதில் ஒரு மக்கட் கூட்டத்தின் வாக்குரிமை மறைந்தது. 1969 நவம்பர் 19இல் பொதுப்பேரவை 84 வாக்குகளுடன் அதனைக் 'குறித்துக்கொண்டது'. 30 நாடுகள் வாக்களிப்பினின்று விலகி நின்றன. 'குறித்துக்கொள்ளுதல்' என்பது 'ஒப்புதல் அளித்தல்' ஆகாது என்பதை ஆவணங்களை மொழிபெயர்ப்போர் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்நிகழ்வு 'விருப்பத் தேர்வு' என்னும் பொருளுடைய பெயரால் வழங்கியது. இந்தோனேசியப் பெயரோ 'மக்கள் கருத்தைத் தீர்மானித்தல்' எனப் பொருள்படும். இத்தொடரில் தீர்மானிப்பவர் யார் என்பது இலக்கண அளவில் வெளிப்படவில்லை. மக்கள் தாமே தீர்மானிப்பதாகவும் கொள்ளலாம். மக்களின் கருத்தைப் பிறர் தீர்மானிப்பதாகவும் கொள்ளலாம். நடந்தது பின்னதே.

அக்காலத்தில் ஐ.நா. பொதுச் செயலர் ஊ தாண்டின் கீழ் உயர்பொறுப்பு வகித்தவர் சி. வி. நரசிம்மன். மகாபாரதத்தைச் சுருக்கி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தமிழரான இவர், அந்நிகழ்வு வெறும் பூசி மெழுகல் என்றும், இச்சிக்கலை விரைந்து கைகழுவுவதே அன்றைய ஐ.நா.வின் மனநிலை என்றும் 2001இல் செய்தியாளரிடம் ஒப்புக்கொண்டார்.

1999: மறைவான வாக்கு

போர்த்துக்கீசக் குடியேற்றமாக இருந்த கிழக்குத் தீமோரை இந்தோனேசியா 1975 டிசம்பரில் படையெடுத்துக் கைப்பற்றி, அடுத்த ஆண்டு தன் மாநிலமாக அறிவித்தது. ஐ.நா. அதனை ஏற்கவில்லை. 1999 மே 5இல் இந்தோனேசியா, போர்த்துக்கல், ஐ.நா. ஆகிய மூன்றும் உடன்பாடு செய்துகொண்டன. இங்கும் 'பொதுவாக்கெடுப்பு' என்னும் சொல் தவிர்க்கப்பட்டு, 'மக்கள் கலந்தாய்வு' என்னும் மென்மையான பெயரே இடப்பட்டது. எனினும், நேரடியான, மறைவான, அனைவருக்குமான வாக்கு என்று முறை ஐயத்திற்கு இடமின்றி எழுதப்பட்டது. வாக்காளர் பதிவு, வாக்குப்பதிவு, எண்ணிக்கை ஆகியவற்றை ஐ.நா. குழுவே நடத்தியது.

வினா தேத்தும், போர்த்துக்கீசம், இந்தோனேசியம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் அச்சிடப்பட்டது. எழுத்தறியாதோர்க்கெனச் சின்னங்களும் இடம்பெற்றன. எந்த ஊர் எவ்வாறு வாக்களித்தது என்பது வெளிப்படாதிருக்க, சீட்டுகள் தலைநகர் திலிக்குக் கொணரப்பட்டு, கலந்து எண்ணப்பட்டன. ஆகஸ்டு 30 அன்று, அச்சுறுத்தலுக்கு இடையிலும் பதிவு செய்தோருள் ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவுக்கு உட்பட்ட தன்னாட்சியை மறுத்தனர்.

ஆயினும், பாதுகாப்புப் பொறுப்பு இந்தோனேசியாவிடமே விடப்பட்டிருந்தது. அவ்வாண்டு அதன் படையின் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்களின் வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முடிவு வெளியானபின் மக்களுள் பெரும்பகுதியினர் இருப்பிடம் விட்டு ஓட நேர்ந்தது. செப்டம்பர் 20இல்தான் பன்னாட்டுப் படை வந்திறங்கியது. 2002 மே 20இல் தீமோர் விடுதலை பெற்றது.

முடிவுரை

படையின் பிடியில் நடக்கும் வாக்கெடுப்பு நேர்மையானதாக இருக்க இயலுமா என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் ஒரே விடையைத் தரவில்லை. 1969இல் பெயர் விரிந்தது, முறை நெகிழ்ந்தது. 1999இல் பெயர் சுருங்கியது, முறை இறுகியது. ஒப்பந்தச் சொற்களுக்குப் பொருள் உரைக்கும் உரிமை நிலத்தைப் பிடித்திருப்பவரிடமே செல்லுமாயின், வாக்கெடுப்பு சடங்காகிவிடுகிறது. வாக்காளர் பட்டியலும், மறைவும், எண்ணிக்கையும் நடுநிலையாளர் கையில் இருப்பின், படையின் நிழலிலும் உண்மையான விடை வெளிப்படலாம். ஆனால், அவ்விடைக்காக மக்கள் உயிரை விலையாகத் தர நேருமாயின், அதனை முழு நேர்மை என்று கூறுதல் பொருந்தாது. தீமோர் மக்களின் விடை நேர்மையானது. அவர்கள் விடையளித்த சூழல் அவ்வாறானதன்று.

இத்தகைய ஆவணங்களை மொழிபெயர்ப்போர் 'கலந்தாய்வு', 'தேர்வு', 'வழக்கம்' போன்ற சொற்களைக் காணுமிடத்து, யார், யாரிடம், எம்முறையில் என்னும் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் நலம். மூலத்தில் விடை இல்லையெனில், அவ்வெற்றிடத்தை மறைக்காமல் காட்டுவதே மொழிபெயர்ப்பாளரின் கடன்.