திறப்பு ஆரிட்ட, உறுதி ஆர்ர பேரில?

எங்கட பக்கம் ஒரு தகப்பன் கல்வீடு கட்ட அத்திவாரம் வெட்டினால், அது ஆருக்கு எண்டு ஊரில ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். மகளுக்குத்தான். இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு வீடு, மூண்டு இருந்தால் மூண்டு. கல்யாணம் முடிய மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வந்து குடியேறுவார். மூத்தவளுக்கு வீட்டைக் குடுத்திட்டு, தாயும் தகப்பனும் மிச்சப் பிள்ளைகளோட அதே வளவுக்குள்ளயோ பக்கத்து வளவுக்கோ மாறுவார்கள். பிறகு அடுத்தவளுக்கு அடுத்த வீடு. ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று எண்டு இந்தக் கரை முழுக்க இதுதான் பழக்கம், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும். மலையகத்திலும் தென்னிலங்கையிலும் இருந்து வந்து எங்களோட கம்பஸில படிக்கிறவர்களுக்கு இதைக் கேட்டால் புதினமாக இருக்கும்.

இப்ப அந்த வீடுகளில் சிலதுக்கு வேற வேலை வந்திருக்கு. உறுதிக்காரர் பாரிஸிலயோ சூரிச்சிலயோ லண்டனிலயோ இருக்கிறார். காசு அனுப்பி ரைல்ஸ் பதிச்சு, ஓட்டுக்குக் கீழே சீலிங் அடிச்சு, அறைக்குள்ளேயே பாத்ரூம் வைச்சு, ஏசி பூட்டுகிறார்கள். ஆகஸ்ட் லீவில் வந்து ஒரு மாதம் நிண்டிட்டுப் போகிறார்கள். மிச்சப் பதினொரு மாதமும் சும்மா பூட்டிக் கிடக்கிற வீட்டை நாள் வாடகைக்கு விட்டால் என்ன எண்ட கேள்வி அதிலிருந்துதான் வருகிறது. திறப்பு ஊரில இருக்கிற அக்காவிடமோ மாமியிடமோ இருக்கும். எங்கட குழுவில இருக்கிற எல்லாருக்கும் இப்படி ஒரு சொந்தக்கார வீடு தெரியும்.

அதனால ஒரு சின்ன வரலாற்றுக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தம். முன்பின் தெரியாத ஆள் காசு குடுத்து ஒரு வீட்டில படுத்தெழும்புவது இந்தக் கரைக்கு எப்ப, எப்படி வந்தது?

அதுக்கு முதல் இருந்தது மடம். கதிர்காமத்துக்கு நடந்து போகிற யாத்திரைக்காரர்கள் வடக்கில இருந்து இறங்கி மண்டூர், திருக்கோவில், பொத்துவில், உகந்தை எண்டு கரையோரமாகவே போவார்கள். கோயிலில படுப்பார்கள், ஊர்ச்சனம் சோறு போடும். அதுக்கு ஆரும் பில் எழுதினதில்லை. காசுக்குத் தங்குவது வாடிவீட்டோடதான் வந்தது. ஒல்லாந்தர் காலத்தில தொடங்கி ஆங்கிலேயர் காலத்தில நாடு முழுக்கப் பரவின கட்டடங்கள் இவை. ஒரு நாள் குதிரைப் பயணத்துக்கு ஒண்டு எண்ட கணக்கில வீதியோரமாகக் கட்டினார்கள். சுவரில விலைப்பட்டியல், மேசையில வருகைப் புத்தகம், குசினியில ஒரு காப்பாளர். மட்டக்களப்பு நகரத்திலயும் கல்குடாவிலயும் இருந்தன. ஆனால் அவை முதலில அரசாங்க உத்தியோகத்தருக்கு. இடம் மிஞ்சினால்தான் மற்றவருக்கு. ஊர்ச்சனம் அங்க போனது சமைக்க, கூட்ட, தண்ணி அள்ள.

உல்லாசமாக வருகிறவர்கள் அந்தக் காலத்தில குறைவு. கல்லடியில லேடி மனிங் பாலம் 1924 இல் திறக்கும்வரை, நகரத்தில இருந்து ஆரையம்பதிப் பக்கம் வர தோணியோ பாதையோதான். (பாதை எண்டால் எங்கட பக்கம் வாகனத்தை ஏற்றிக் கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை, ரோட்டு இல்லை.) மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928 இல்.

இந்த இடத்தில பிரான்சுக்கு ஒருக்காப் போய் வருவம். அந்தப் பூட்டின வீடுகளின் உறுதிக்காரர் சிலர் அங்க இருக்கிறார்கள் எண்டதால மட்டுமில்லை. பூட்டிக் கிடந்த கிராமத்து வீடுகளை வைச்சு என்ன செய்யலாம் எண்டு ஒரு அரசாங்கம் யோசிச்ச கதை அங்க இருக்கு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சின் மலைக் கிராமங்களில இருந்து சனம் நகரங்களுக்குப் போய்விட்டது. கல்லால கட்டின பண்ணை வீடுகள் ஓடு சரிஞ்சு கிடந்தன. மறுபக்கம், 1936 இல் தொழிலாளருக்குச் சம்பளத்தோட இரண்டு கிழமை லீவு சட்டமாகி இருந்தது. 1956 இல் அது மூண்டு கிழமையானது. லீவு கிடைச்ச தொழிலாளியிடம் ஹோட்டலுக்குக் குடுக்கக் காசில்லை. எமில் ஓபேர் எண்ட செனட்டர் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார்: விவசாயி தன்ர பழைய வீட்டைத் திருத்த உதவிப்பணம், பதிலுக்கு அவர் அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு விடுமுறைக்காரருக்கு வாடகைக்கு விட வேணும். முதல் வீடு 1951 இல் தெற்கு ஆல்ப்ஸ் மலைப் பக்கம் திறந்தது. 1955 இல் 'ஜீத் த பிரான்ஸ்' எண்ட தேசிய அமைப்பு வந்தது. 'ஜீத்' எண்டால் தங்குமிடம். கவனியுங்கள், காசு போனது அந்த ஊரிலேயே இருக்கிற ஆளுக்கு. விவசாயியின் மனைவி கட்டில் விரிச்சாள், பாலும் சீஸும் வித்தாள், வாடகையும் அந்தக் குடும்பத்துக்கே வந்தது.

எங்கட அரசாங்கமும் கிட்டத்தட்ட அதே தலைமுறையில இதை யோசிச்சது, ஆனால் வேற மாதிரி. 1966 இல் இலங்கை உல்லாசப் பயணச் சபையும் ஹோட்டல் கூட்டுத்தாபனமும் சட்டத்தால உருவாகின. 1967 இன் பத்தாண்டுத் திட்டம் நாட்டை ஐந்து சுற்றுலாப் பகுதிகளாகப் பிரிச்சது. அதில கிழக்குக் கரையும் ஒண்டு. பிரான்சில திட்டம் வீட்டில இருந்து தொடங்கினது; இங்க கடற்கரையில இருந்து தொடங்கினது. எங்க ஆழமில்லாத அமைதியான குடா இருக்கு, எங்க ஹோட்டலுக்குக் காணி ஒதுக்கலாம்? பாசிக்குடாவில ஹோட்டல்கள் எழும்பின. போர் வந்து அவை இடிஞ்சு, சுவர் மட்டும் நிண்டதை எங்கட பெற்றோர் பார்த்திருக்கிறார்கள். 2009 க்குப் பிறகு அதே குடாவைத் துண்டு துண்டாகப் பிரிச்சுக் கம்பெனிகளுக்குக் குடுத்தார்கள். முதல் புது ஹோட்டல் 2011 இல் திறந்தது. அங்க வேலைக்குப் போன எங்கட ஊர்ப் பெடியள் இருக்கிறார்கள். வீட்டுக்குக் காசு வந்த ஆட்களைத் தேட வேணும்.

இடையில 2004 டிசம்பர் 26. இதைப் பற்றிக் கொஞ்சம் நிண்டு பேசத்தான் வேணும், ஏனெண்டால் வீடும் உறுதியும் பிரிஞ்சது இங்கதான் வெளியில தெரிஞ்சது.

சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில கடலில இருந்து 200 மீற்றருக்குள்ள வீடு கட்டக் கூடாது எண்டார்கள், தெற்கில 100 மீற்றர். மீனவர் உள்ளுக்குப் போக வேணும், ஆனால் சுற்றுலாக் கட்டடங்களுக்கு விலக்கு. அறுகம்பையில இதுக்கு எதிராக நடந்த போராட்டத்தை நயோமி கிளைன் 2007 இல் வந்த தன்ர புத்தகத்தில ஒரு அத்தியாயமாக எழுதியிருக்கிறார். பிறகு அந்த எல்லையைத் தளர்த்தினார்கள். அதைவிட எங்களுக்கு முக்கியம் புது வீடுகளின் உறுதி. நிவாரண வீட்டை 'குடும்பத் தலைவர்' பேரில குடுத்தார்கள். படிவத்தில குடும்பத் தலைவர் எண்டால் புருஷன். கடல் கொண்டு போனது மனைவியின் சீதன வீடு. பதிலுக்கு வந்த வீடு கணவன் பேரில. 1969 இல் இருந்து அக்கரைப்பற்றில ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்ஸும் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். எங்கட ஊர்ச் சட்டத்தை எங்களை விட வெளியாட்கள் நல்லாக எழுதி வைச்சிருக்கிறார்கள் எண்டது கொஞ்சம் வெட்கமான விசயம்தான்.

இது புதுசும் இல்லை. தாய்வழியாகச் சொத்துப் போகிற முக்குவர் சட்டத்தைப் பற்றி பிரிட்டோ புத்தகம் போட்டது 1876 இல். அதே 1876 இல் வந்த திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம்தான் அந்த முக்குவர் சட்டத்தை நீதிமன்றத்தில இருந்து தள்ளி வைச்சது. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணியின் வாரிசு வரிசையில ஆண் பிள்ளையை முன்னுக்கு வைச்சது. ஆனால் ஊரில சீதன வீட்டுப் பழக்கம் நிற்கவில்லை. நொத்தாரிசுவிடம் போய் மகள் பேரில, சில நேரம் மகளும் மருமகனும் சேர்ந்த பேரில உறுதி முடிச்சுக் கொண்டே இருந்தார்கள். பெற்றோர் தங்களுக்குச் சீவிய உரித்து வைச்சுக் கொள்வார்கள்.

இப்ப வாடகை வீட்டுக்கு வருவம். ஒரு சீதன வீட்டைத் தங்குமிடமாக மாற்றுவது வெறும் பெயின்ற் வேலை இல்லை. கடல் காத்தில கம்பி துருப்பிடிச்சுக் கொங்கிறீற் வெடிக்கும். கடற்கரை மணலில சாந்து குழைச்ச பழைய சுவர் உப்பு ஊறிப் பொருமும். மேசன்மார் அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்து ஆற்று மணலில திரும்பப் பூசச் சொல்வார்கள். பழைய கதவு, யன்னலை ஓடாவியிடம் குடுத்துத் திருத்தலாம். வெளிநாட்டில இருந்து வட்ஸ்அப்பில பார்க்கிற ஆள் அலுமினியம் போடச் சொல்வார். எங்களைக் கேட்டால் பழைய மர யன்னல்தான் நல்லம், காத்து வரும்.

தண்ணிதான் பெரிய விசயம். ஆரையம்பதி கடலுக்கும் வாவிக்கும் இடையில ஒடுங்கின மணல் நிலம். அந்த மணலுக்குள்ள ஒரு மெல்லிய நல்ல தண்ணிப் படை இருக்கு, அதுக்குக் கீழ உப்பு. மோட்டர் போட்டுக் கூட இழுத்தால் உவர் ஏறும். அறைக்கு ஒரு பாத்ரூம் எண்டு வைச்சால் மலக்குழியும் கூடும். மணலுக்குள்ளால அது பக்கத்து வளவுக் கிணத்துக்குப் போக அதிக காலம் எடுக்காது. ஒரு வீட்டுக்கு வருகிற விருந்தாளி நாலு வீட்டுக் கிணத்தைக் குடிக்கிறார் எண்டு சொன்னால் மிகையில்லை.

பிறகு வேலை. கட்டில் விரிப்பது, சீலை தோய்ப்பது, இடியப்பம் அவிப்பது, ராத்திரி பதினொரு மணிக்கு வருகிறவருக்குக் கதவு திறப்பது. இதெல்லாம் திறப்பு வைச்சிருக்கிற அக்காதான். சுற்றுலாத்துறை அபிவிருத்தி அதிகார சபை 'ஹோம்ஸ்டே' எண்டு பதிவது வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே குடியிருக்கிற வீட்டைத்தான். ஆளில்லாத வாடகை வீட்டுக்கு வேற வகை. பாரிஸில இருக்கிறவரின் பூட்டின வீடு அப்படிப் பார்த்தால் ஹோம்ஸ்டே இல்லை. பின் வளவில குடியிருக்கிற அக்காவின் வீடுதான் ஹோம்ஸ்டே. ஆனால் ஏசி பூட்டக் காசு வருவது முன் வீட்டுக்கு.

பாரிஸ்காரரையும் குற்றம் சொல்ல ஏலாது. லா ஷப்பேல் பக்கம் கடையில நிண்டு, சின்ன பிளற்றுக்கு வாடகை கட்டி, மிச்சம் பிடிச்ச காசு அது. 1990 இல் இந்தக் கரையில நடந்ததுக்குப் பிறகு ஏன் போனார்கள் எண்டு கேட்கத் தேவையில்லை. வீட்டைத் திருத்துவது அவருக்குத் திரும்பி வருவதுக்கு ஒரு வழி.

பிரான்சிலயும் அந்தக் கதை நல்லாக முடியவில்லை எண்டதையும் சொல்ல வேணும். பீற்றர் மேல் எண்ட ஆங்கிலேயர் புரோவான்ஸில பழைய வீடு வாங்கித் திருத்தின கதையை 1989 இல் புத்தகமாகப் போட்டது பெரிய வெற்றி. அவரைப் போல வெளியாட்கள் வீடு வாங்கிக் கொண்டே இருந்தார்கள். பிறகு இணையத்தால நாள் வாடகை வந்தது. பாஸ்க் பகுதியில இளம் ஆட்கள் தங்கட ஊரிலேயே வாடகைக்கு வீடு கிடைக்காமல் தெருவுக்கு இறங்கினார்கள். 2024 நவம்பரில வந்த சட்டம், சொந்தமாகக் குடியிருக்கிற வீட்டை வருடத்துக்கு 90 நாளுக்கு மேல சுற்றுலாக்காரருக்கு விடாமல் மட்டுப்படுத்த ஊராட்சிகளுக்கு அதிகாரம் குடுத்தது.

ஆரையம்பதிக்கு அந்த அளவு கூட்டம் இன்னும் வரவில்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்து கொக்கட்டிச்சோலைக்குப் பாதை இல்லாமலே போகலாம் எண்டான பிறகு வாவிப் பக்கமும் ஆட்கள் வருகிறார்கள். 2019 ஏப்ரலும் கொரோனாவும் 2022 உம் வந்த ஆட்களையும் நிறுத்தினதை மறக்க ஏலாது. ஆகவே ஆரும் இதில பெரிய பணக்காரராகப் போவதில்லை. ஒரு சீசனுக்கு, அதாவது சித்திரையில இருந்து புரட்டாதி வரை, கொஞ்சக் காசு. அந்தக் கொஞ்சக் காசு அடுத்த மகளுக்கு அத்திவாரம் போடப் போகுமா, சுவிஸில லோன் கட்டப் போகுமா எண்டது ஒவ்வொரு வளவுக்கும் ஒவ்வொரு கதை.

நாங்கள் இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினதில இருந்து எங்கட வீடுகளில கேட்கிறது ஒரே கேள்விதான்: அந்த உறுதியை ஒருக்காக் காட்டுங்க. கன வீட்டில அது அலுமாரியில, சேலைக்குக் கீழ, அம்மம்மாவின் பேரிலேயே இன்னும் கிடக்கு.