பி12 வைட்டமினின் பிறப்பிடம் தேடிய வரலாறு

மானிட சரீரத்துக்கு இன்றியமையாத வைட்டமின்களுள் பி12 என்னும் ஒன்றைப் புல்லும் ஆக்குவதில்லை, அப்புல்லை மேயும் பசுவும் ஆக்குவதில்லை, பசுவின் பாலை அருந்தும் மனிதனும் ஆக்குவதில்லை. பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களே அதனைப் படைக்க வல்லவை. இன்று பாடநூல்களில் ஒரே வரியில் அடங்கிவிடும் இவ்வுண்மையைக் காண்பதற்கு வைத்திய சாஸ்திரம் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நோயிலிருந்து ஈரலுக்கும், ஈரலிலிருந்து இரைப்பைக்கும், இறுதியில் மண்ணுக்கும் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்ல நேர்ந்தது. அத்தேடலின் போக்கை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லண்டன் மாநகரத்துக் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன், 1849-இல் ஒரு வைத்திய சங்கத்தின் முன்னிலையிலும், பின்னர் 1855-இல் வெளியிட்ட நூலிலும், காரணம் ஏதும் புலப்படாமலே மனிதரை வெளிறச் செய்து, களைப்பிலும் மூச்சிரைப்பிலும் ஆழ்த்தி, ஈற்றில் மாய்த்துவிடும் ஒருவகை இரத்தசோகையை விவரித்தார். சூரிச் நகரத்து அன்டன் பீர்மர் 1872-இல் அதன் கொடுமையைப் பெயரிலேயே புலப்படுத்தி, நாளுக்கு நாள் முற்றி உயிரைக் கொள்ளும் சோகை என்றே வழங்கினார். நோயாளியின் நாக்கு வழவழப்பாகிச் சிவந்து எரியும், கைகால்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்குச் சித்தமும் கலங்கும். இரத்தத்தையும் நரம்பையும் ஒருங்கே பற்றிய அவ்வியாதிக்கு இரும்புச் சத்தோ, ஆர்சனிக் கலந்த மருந்தோ நிலையான பயன் எதையும் தரவில்லை.

முதல் நம்பிக்கை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஜார்ஜ் விப்பிளும் அவருடன் உழைத்த ஃப்ரீடா ராப்ஷெய்ட்-ராபின்ஸ் அம்மையாரும், இரத்தம் வடிக்கப்பட்ட நாய்களுக்கு எந்த உணவு மீண்டும் விரைவில் இரத்தம் ஊறச் செய்கிறது என்று ஆராய்ந்து, ஈரலே தலைசிறந்தது என்று கண்டனர். அதனை ஆதாரமாகக் கொண்டு பாஸ்டன் நகரத்து ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் தம் நோயாளிகளுக்கு நாள்தோறும் கால் கிலோ அளவு வரை ஈரலை உண்ணக் கொடுத்து, 45 பேர் தேறிய செய்தியை 1926-இல் வெளியிட்டனர். சிகிச்சை தொடங்கிய சில தினங்களுக்குள் இளஞ்சிவப்பணுக்கள் இரத்தத்தில் திரளாகத் தோன்றுவதை உருப்பெருக்கியின் கீழ் எண்ணிப் பார்க்க முடிந்ததனால், பலன் மெய்யோ பிரமையோ என்ற ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று. விப்பிள், மைனாட், மர்ஃபி மூவருக்கும் 1934-இல் நோபல் பரிசு கிட்டியது. ஆயினும் விப்பிளின் நாய்கள் தேறியதற்கு ஈரலிலிருந்த இரும்பே முக்கிய காரணம் என்பதும், மனிதர் தேறியதற்கு முற்றிலும் வேறான ஒரு பொருளே காரணம் என்பதும் பின்னர் தெளிவாயின. வழி தவறாயினும் சென்று சேர்ந்த இடம் சரியாக அமைந்தது. அதனால் பிழைத்தவர்கள் பல்லாயிரவர்.

ஈரல் நோயைத் தணித்தது. நோய் ஏன் வந்தது என்பதை அது சொல்லவில்லை. அவ்வினாவை எழுப்பிய வில்லியம் காஸிலின் பரிசோதனையே இவ்வரலாற்றில் மிகவும் போற்றத்தக்கது என்பது என் கருத்து. இந்நோயாளிகளின் இரைப்பையில் அமிலம் சுரப்பதில்லை என்பது முன்னரே தெரிந்த செய்தி. ஆரோக்கியமுள்ள மனிதனின் இரைப்பை உணவிலிருந்து பெறும் ஏதோ ஒன்றை இவர்கள் பெறுவதில்லையோ என்று அவர் ஐயுற்றார். நோயாளிகளுக்கு நாள்தோறும் மாட்டிறைச்சியை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது இரத்தத்தில் எவ்வித மாறுதலும் காணப்படவில்லை. பின்னர், ஆரோக்கியமுள்ள ஒருவரை அதே இறைச்சியை உண்ணச் செய்து, சுமார் ஒரு மணி நேரம் கழித்து அதனை வெளிக்கொணர்ந்து, மேலும் சீரணிக்க விட்டு, குழாய் வழியாக நோயாளியின் வயிற்றுக்குள் செலுத்தினார். சில நாட்களில் இளஞ்சிவப்பணுக்கள் பெருகின! உணவிலுள்ள ஒரு புறப்பொருளும், நல்ல இரைப்பை சுரக்கும் ஓர் அகப்பொருளும் கூடினாலன்றிப் பயனில்லை என்று 1929-இல் அவர் நிலைநாட்டினார். கேட்போர் முகஞ்சுளிக்கும் அச்சோதனையை நோயாளியின் நலன் ஒன்றையே கருதிச் செய்த அவருக்கு நோபல் பரிசு கிடைக்காமற் போனது வருந்தத்தக்கது.

அதே காலத்தில் பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் அம்மையார், ஈஸ்ட்டின் சாரமான மார்மைட் அதனைக் குணப்படுத்துவதை 1931-இல் எடுத்துக்காட்டினார். அவர் கண்டது ஃபோலிக் அமிலம் என்னும் மற்றொரு வைட்டமினின் செயல். 1940-களில் ஃபோலிக் அமிலம் மாத்திரையாகக் கிடைத்தபோது, அடிசன் வருணித்த நோயைக் கொண்டவர்களுக்கும் அதனைக் கொடுத்தனர்; இரத்தம் தேறியது, நரம்புக் கேடோ நிற்காமல் வளர்ந்தது. வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே தெரிந்த இருவகைச் சோகைகளும் வெவ்வேறானவை என்பது இவ்வாறு, மிகுந்த துன்பத்துக்கிடையே, உறுதிப்பட்டது.

ஈரலிலுள்ள மூலப்பொருளைப் பிரித்தெடுக்க முயன்றோர்க்கு இருந்த பெரும் இடர், ஒவ்வொரு சாரத்தையும் சோதிக்க ஒரு புதிய நோயாளி தேவைப்பட்டமையே. மேரி ஷார்ப் அம்மையார் அத்தடையை நீக்கினார்: தயிர் முதலிய பால்பொருள்களில் வாழும் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா, ஈரற்சாரம் இருந்தாலன்றி வளர்வதில்லை என்று கண்டு, அதன் வளர்ச்சியையே அளவுகோலாக்கினார். நோயாளியின் படுக்கையருகே பல நாள் காத்திருந்து அறிய வேண்டியதை இப்போது சோதனைக் குழாயில் அறிய முடிந்தது. 1948-இல் அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் ஃபோக்கர்ஸ் குழுவினரும், இங்கிலாந்தில் கிளாக்ஸோ நிறுவனத்தைச் சேர்ந்த லெஸ்டர் ஸ்மித்தும், ஏறக்குறைய ஒரே சமயத்தில், காஸில் கூறிய புறப்பொருளான பி12-இன் செந்நிறப் படிகங்களைக் கையில் ஏந்தினர். நோயாளிகளிடம் பலன் காண ஒரு கிராமின் பத்து லட்சத்தில் சில பங்கே போதுமானதாயிற்று.

அப்படிகத்தின் செந்நிறத்துக்குக் காரணமான அணுத்தொகுதியின் நடுவில் கோபால்ட் உலோகம் இருக்கக் கண்டதும், வைத்தியர் எவரும் கருதாத மற்றொரு வரலாறு வந்து கலந்தது. ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளில், பசும்புல் தாராளமாக இருந்தும் ஆடுகள் மெலிந்து மடிந்தன. இரும்புத் தாதுவைத் தின்னக் கொடுத்ததும் தேறின. தேற்றியது இரும்பன்று, அத்தாதுவில் கலந்திருந்த கோபால்ட்டே என்று 1930-களின் நடுவில் அண்டர்வுட், ஃபில்மர், மார்ஸ்டன் முதலியோர் நிறுவினர். விப்பிளின் நாய்களைப் போலவே இங்கும் ஆராய்ச்சியின் முதற்பார்வை இரும்பின்மேலேயே விழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. மண்ணிலே கோபால்ட் இருந்தால் அது புல்லின் வழியே ஆட்டின் முதல் இரைப்பையை அடைந்து, அங்கு வாழும் பாக்டீரியாக்களால் பி12 ஆக மாற்றப்படுகிறது. மண்ணில் அவ்வுலோகம் இல்லாவிடில் பாக்டீரியாவும் வெறுங்கையாகிறது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை ஈந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரீசியஸ் என்னும் மண்வாழ் நுண்ணுயிரே பி12-ஐயும் ஆக்குகிறது என்று மெர்க் குழுவினர் 1948-இலேயே கண்டபோது, ஈரலிலிருந்த பி12-க்குத் தாய்வீடு நுண்ணுயிரே என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்டதாயிற்று.

எக்ஸ் கதிர்களால் பி12-இன் உருவத்தை ஆக்ஸ்ஃபோர்டில் டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார் 1956-இல் முழுமையாகத் தெளிவுபடுத்தி 1964-இல் நோபல் பரிசு பெற்றார். வுட்வர்டும் எஷன்மோசரும் ஏறத்தாழ நூறு பேரின் துணைகொண்டு 1972-இல் ரசாயன முறையில் அதனை ஆக்கிக் காட்டினர். எனினும், மருந்தாக விற்கப்படும் பி12 முழுவதும் இன்றும் பாக்டீரியாக்களை வளர்க்கும் தொட்டிகளிலிருந்தே வருகிறது.

அறிவு இவ்வளவு நுட்பமாக வளர்ந்த பின்னரும், உணவில் அவ்வைட்டமினைப் பெறாதவர் நிலைமை என்ன என்ற வினா எஞ்சியிருந்தது. வயது வந்த ஒருவருக்கு நாள்தோறும் வேண்டியது சுமார் இரண்டு மைக்ரோகிராம் மட்டுமே. ஈரலில் சேமிக்கப்பட்டிருப்பதோ சில மில்லிகிராம் ஆதலின், உண்பதை நிறுத்தியவர்க்கும் பல ஆண்டுகள் குறை தெரிவதில்லை. குழந்தைக்கு அத்தகைய சேமிப்பு கிடையாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 1962-இல் விவரித்த சிசுக்கள், பி12 குறைந்த தாய்மாரின் பாலையே அருந்தி வளர்ந்தவர்கள். கற்றிருந்த சிரிப்பையும் உட்காரும் திறனையும் இழந்து, தோல் கறுத்து, சோகையால் வாடி, கைகால்கள் தாமே நடுங்கிக் கிடந்த அவர்கள், பி12 கொடுக்கப்பட்டதும் தேறினர்.

அதே வேலூரில் 1980-ஆம் ஆண்டு ஆல்பர்ட், மாதன், பேக்கர் மூவரும், தென்னிந்தியர் சிலரின் சிறுகுடலில் வாழும் சூடோமோனாஸ், கிளெப்ஸியெல்லா இனங்கள் பி12-ஐ ஆக்குவதை அறிவித்தனர். பெருங்குடலில் அவ்வைட்டமின் மிகுதியாக ஆக்கப்பட்டும் பயனற்றுக் கழிவதற்குக் காரணம், அதனை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைப்பகுதியாக அமைந்து முன்னரே தாண்டிப்போய்விடுவதே. சிறுகுடலிலேயே ஆக்கம் நிகழுமாயின் அத்தடை நீங்குகிறது. ஆயினும் 1962-இன் சிசுக்களின் தாய்மாரும் இதே நாட்டு நீரை அருந்தி, இதே மண்ணில் விளைந்ததை உண்டவர்களே. ஆதலின் குடலுக்குள் நிகழும் அவ்வாக்கத்தை நம்பி எந்தக் கர்ப்பிணியையும் விட்டுவிட வைத்தியர் துணிவதில்லை. பாலும் அரிதாகவே அருந்தும் சைவ உணவினளான தாய்க்கு, தொட்டியில் வளர்ந்த பாக்டீரியா ஈந்த மாத்திரையை எழுதிக்கொடுக்கின்றனர்.