துணியில் தைத்த தாய்

பிரான்சின் ரூவான் நகரில் நாவலாசிரியர் ஃப்ளோபேர் பிறந்த வீடு இப்போது மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம். அவருடைய அப்பா அந்த ஊர் மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்தவர். குடும்பம் குடியிருந்ததும் மருத்துவமனைக் கட்டடத்தின் ஒரு பகுதியில்தான். அந்த வீட்டில் ஒரு பெண்ணுடம்பு இருக்கிறது. தலை இல்லை, கைகள் இல்லை. வயிறு, இடுப்பு, விரித்த இரண்டு தொடைகள், அவ்வளவுதான். இளஞ்சிவப்புத் துணியும் தோலும் வைத்துத் தைத்து, உள்ளே அடைத்துத் திரட்டிய உடம்பு. பக்கத்தில் ஒரு துணிக் குழந்தை, ஒரு ஜோடி இரட்டைக் குழந்தைகள், கருப்பை, நஞ்சு, தொப்புள்கொடி என்று தனித்தனியாகத் தைத்த உருப்படிகள். அந்த உடம்பை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது உள்ளே உண்மையான மனித இடுப்பெலும்பு இருப்பது தெரிந்தது.

இதைச் செய்தவர் ஒரு மருத்துவச்சி. பெயர் ஆஞ்செலிக் மார்கரித் து கூத்ரே. பிரசவம் பார்க்கப் பழகுவதற்காகச் செய்தார். தன் படைப்பை அவர் 'இயந்திரம்' என்றே குறிப்பிட்டார்.

இன்று மருத்துவக் கல்லூரிகளில் மூச்சு விடுகிற, நாடி துடிக்கிற, கண்மணி விரிகிற பொம்மைகள் வந்துவிட்டன. மருத்துவரும் செவிலியரும் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் அவற்றின் மேல் பழகுகிறார்கள். இந்தப் பயிற்சி முறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1960-இல் தொடங்குவார்கள். நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால் என்பவர், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கப் பழகுவதற்காக 'ஆன்' என்ற பொம்மையை வெளியிட்ட ஆண்டு அது. அதுவும் அருமையான கதைதான். ஆனால் எனக்கு இந்த வரலாறு அதற்கு 200 ஆண்டுகள் முன்னால், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களிடமிருந்து தொடங்குகிறது. அவர்களுக்காகத்தான் அந்தத் துணி உடம்பு தைக்கப்பட்டது.

து கூத்ரே பாரிஸில் முறையாகத் தொழில் பயின்று, 1740 வாக்கில் உரிமம் பெற்றவர். அந்நாளில் அங்கே மருத்துவச்சிகளுக்கும் அறுவை மருத்துவர்களுக்கும் பனிப்போர் நடந்துகொண்டிருந்தது. மருத்துவச்சிகளுக்குப் பாடம் நடத்த வேண்டிய அறுவை மருத்துவர்கள் அதைச் செய்யாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். 1745-இல், தங்களுக்குப் பாடம் வேண்டும் என்று கேட்டு மருத்துவச்சிகள் கூட்டாக ஒரு மனு கொடுத்தார்கள். அவர்களில் இவரும் ஒருவர். கற்றுக்கொடு என்று கேட்டுப் போராடியவர்தான் பிற்காலத்தில் நாடு முழுக்கக் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டார் என்பது என் மனதில் ஆழமாகப் பதிந்த விஷயம்.

1750-களின் தொடக்கத்தில் அவர் ஓவெர்ன் என்ற மலைப்பாங்கான பகுதிக்குப் போனார். பாரிஸ் எங்கே, அது எங்கே! அங்கே பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். மனம் நல்ல மனம்தான். ஆனால் முறையாகச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை. பிள்ளையின் கை முதலில் வெளியே வந்தால் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார்கள். நஞ்சு விழத் தாமதமானால் கொடியைப் பிடித்து இழுத்தார்கள், கருப்பையே புரண்டு வெளியே வந்தது. செத்த தாய்மார்களையும், பிழைத்தாலும் வாழ்நாள் முழுவதும் உடல் சீர்கெட்டுத் தவித்தவர்களையும் அவர் பார்த்தார். பிரசவம் பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை என்பதை அவர் இதைப் பற்றி எழுதிய பக்கங்களைப் படிக்கிற யாரும் உணர்வார்கள்.

அவர் இலவசமாகவே பாடம் நடத்தத் தொடங்கினார். அங்கேதான் சிக்கல் வந்தது. சொன்னது ஏறவில்லை. வந்தவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. உடம்பின் உள்ளமைப்பைப் படமாகக் காட்டினாலும் அது அவர்களுக்குப் பழக்கமில்லாத பார்வை. அதைவிடப் பெரிய சிக்கல் அந்தத் தொழிலிலேயே இருந்தது. பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்பதை மருத்துவச்சி கண்ணால் பார்க்க முடியாது. விரல்நுனிக்குத் தட்டுப்படுவது தலையா, பிட்டமா, முழங்காலா, முழங்கையா என்று இருட்டுக்குள் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை நல்ல சொற்பொழிவும் விரலுக்குள் இறங்காது. அதனால் அவர் ஊசியும் நூலும் எடுத்தார்.

அந்த உடம்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பிறப்புவழியைச் சுற்றிக் கயிறுகளும் வார்களும் கோத்திருக்கும். அவற்றை இறுக்கியும் தளர்த்தியும் வழி குறுகுவதையும் விரிவதையும் காட்டலாம். தலைச்சன் பிரசவத்துக்கு ஒரு இறுக்கம், நாலு பெற்றவளுக்கு ஒரு தளர்ச்சி. குழந்தையின் மூட்டுகள் மடங்கும், நீளும். அதனால் அதை எந்தக் கோணத்திலும் உள்ளே கிடத்தி, "இப்போது வெளியே எடு" என்று சொல்ல முடியும். தலைமுடி மையால் தீட்டியது. காதுகள் தனியே தைத்தவை. வாய் திறந்திருக்கும், உள்ளே நாக்கு இருக்கும், விரலை நுழைக்கலாம்.

அந்த வாய் அழகுக்காக வைத்ததல்ல. கால் முதலில் வருகிற பிரசவத்தில் உடம்பெல்லாம் வெளியே வந்துவிடும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் பதறி உடம்பைப் பிடித்து இழுத்தால் பிள்ளையின் கழுத்து போய்விடும். விரலைப் பிள்ளையின் வாய்க்குள் விட்டு, முகவாய் நெஞ்சில் படும்படி தலையைக் குனிய வைத்தால் தலையின் சின்ன விட்டம் வழிக்கு நேராக வரும். இந்த ஒரு நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுக்கவே அத்தனை கவனமாக ஒரு வாயைத் தைத்து, அதற்குள் ஒரு நாக்கையும் வைத்திருக்கிறார். அனுபவம் தையலாக மாறிய இடம் இது.

இன்னொன்று, தொப்புள்கொடி. உயிருள்ள பிள்ளையின் கொடி எப்படிப் பருத்திருக்கும், இறந்துவிட்ட பிள்ளையின் கொடி எப்படிச் சப்பையாக இருக்கும் என்று காட்ட இரண்டு விதமாகச் செய்தார். வயிற்றிலேயே இறந்துபோன பிள்ளையின் மண்டையோடு எப்படித் தளர்ந்து நெகிழும் என்பதற்கும் ஒரு மாதிரி உண்டு. பின்னாளில் செய்த சில உருப்படிகளில் சிவப்பு நீரும் நிறமற்ற நீரும் ஊறிய பஞ்சுத் துண்டுகளை வைத்தார். உரிய நேரத்தில் பனிக்குடம் உடையும், உதிரம் வரும்.

நியாயமாகச் சொன்னால், இப்படியொன்றை முதலில் செய்தவர் அவரல்ல. பாரிஸில் கிரெக்வார் என்பவர் பிரம்புக் கூடைப் பின்னலுக்குள் இடுப்பெலும்பை வைத்துப் பாடம் நடத்தினார். அதைப் பார்த்துத் திருப்தியடையாத ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் ஸ்மெல்லி, லண்டனில் எலும்பும் தோலும் வைத்துத் தானே மேலான ஒன்றைச் செய்துகொண்டார். இத்தாலியின் பொலோன்யாவில் ஜொவான்னி அந்தோனியோ கல்லி களிமண்ணிலும் மெழுகிலும் ஒரு கூடம் நிறைய மாதிரிகள் செய்து வைத்தார். ஆனால் இவையெல்லாம் பெருநகரங்களில் ஆசிரியரின் அறையோடு நின்றன. து கூத்ரேயின் துணி உடம்பு மடங்கும், நசுங்காது, பெட்டியில் அடங்கும், வண்டியில் ஏறும். அறிவு இருக்கிற இடத்துக்கு ஏழைப் பெண் வர முடியாத காலத்தில், அறிவு அவளிடம் போக ஒரு வழி அது.

1758-இல் பாரிஸின் அறுவை மருத்துவக் கழகம் இயந்திரத்தை ஏற்றுக்கொண்டது. 1759-இல் அவருடைய பாடநூல் வெளிவந்தது. அதே ஆண்டில் மன்னர் பதினைந்தாம் லூயி, நாட்டின் எல்லா மாகாணங்களிலும் பாடம் நடத்தும் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தார். மன்னரின் அக்கறையில் கணக்கும் இருந்தது. அப்போது ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மக்கள்தொகை குறைகிறது என்ற பயம் நாட்டை ஆட்டிக்கொண்டிருந்தது. உழவும் படையும் நடக்க உயிரோடு பிள்ளைகள் வேண்டும். து கூத்ரே இதை நன்றாகவே புரிந்துகொண்டு, அதிகாரிகளிடம் பேசும்போது நாட்டின் நன்மையைப் பற்றித்தான் பேசினார். எந்தக் காரணத்தால் வந்தாலும் உதவி உதவிதான்.

பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் பயணம். ஒவ்வொரு ஊரிலும் ஏறத்தாழ இரண்டு மாதப் பாடம். பங்குச் சாமியார்கள் தத்தம் ஊரிலிருந்து பெண்களை அனுப்பி வைப்பார்கள். ஒவ்வொருத்தியும் தன் முறைக்கு அந்த உடம்பின் முன்னால் உட்கார்ந்து, கைவிட்டுத் தடவி, பிள்ளையைத் திருப்பி, வெளியே எடுக்க வேண்டும். தப்பாக இழுத்தால் கிழிவது துணிதான். ஏறத்தாழ 5,000 பெண்கள் அவரிடம் நேரடியாகப் படித்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. 1769-இல் வந்த பாடநூல் பதிப்பில் வண்ணப் படங்களைச் சேர்த்தார். படிக்கத் தெரியாதவர்களை அவர் ஒருபோதும் மறக்கவில்லை.

அவர் செய்த இன்னொரு ஏற்பாட்டைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பியதும் பாடம் நின்றுவிடக் கூடாதல்லவா? அதனால் அந்தந்த ஊர் அறுவை மருத்துவர்களுக்கும் தனியே பயிற்சி கொடுத்து, தன் இயந்திரத்தில் ஒன்றை 300 லிவ்ர் (அந்நாள் பிரெஞ்சு நாணயம்) விலைக்கு ஊரையே வாங்க வைத்தார். ஆசிரியர் போன பிறகும் உடம்பு அங்கேயே இருக்கும், பாடம் தொடரும். இன்றைக்கும் பல இடங்களில் பயிற்சிப் பொம்மைகளை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துவிடுகிறார்கள், அதை வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆளை உருவாக்குவதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் இதற்கு விடை கண்டிருந்தார்.

1767-இல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 8,000 லிவ்ர் சம்பளம் நிர்ணயித்தது. ஒரு பெண் அவ்வளவு பெறுவது அந்நாளில் அரிது. எதிர்ப்பும் குறையவில்லை, அறுவை மருத்துவர்கள் சிலர் அவருடைய நூலையும் இயந்திரத்தையும் இழித்துப் பேசினார்கள். பிரெஞ்சுப் புரட்சி வந்தது, மன்னராட்சி போனது, 1794-இல் அவர் போர்தோ நகரில் காலமானார். ஊர் ஊராகக் கொடுத்த இயந்திரங்களில் இன்று முழுமையாக மிஞ்சியிருப்பது ரூவானில் உள்ளது மட்டும்தான்.

அந்தத் துணி உடம்பால் ஒன்றைச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அதற்குத் தலை கிடையாது, பேசாது. வலியில் இருக்கிறவளிடம் அன்பாக, முகமலர்ச்சியோடு பேச வேண்டும், அவள் காதுபட மற்றவர்களோடு குசுகுசுக்கக் கூடாது, ஏதோ ஆபத்து என்று பயந்துவிடுவாள் என்றெல்லாம் து கூத்ரே தன் நூலில் எழுதியிருக்கிறார். அதை வாயாலும் எழுத்தாலும்தான் சொல்ல முடிந்தது. இன்று அதையும் பழகிப் பார்க்க வழி உண்டு. லேர்டால் நிறுவனத்தின் வழிவந்த அமைப்பு இந்த நூற்றாண்டில் 'மாமா நாட்டலி' என்று ஒரு பயிற்சி வயிற்றை உருவாக்கியது. இந்தியா உட்பட பல நாடுகளின் பிரசவ அறைச் செவிலியர்கள் அதில் பழகுகிறார்கள். அதுவும் துணி போன்ற எளிய பொருள்தான். பயிற்சி கொடுப்பவர் அதைத் தன் வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்துக்கொள்வார். பிள்ளையை உள்ளிருந்து தள்ளுவதும், பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில். முனகுவார், அழுவார், "என் பிள்ளை ஏன் அழவில்லை?" என்று கேட்பார். பழக வந்த செவிலியர் கைவேலையை நிறுத்தாமல் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.